மழைக்காலத்தில் கலப்பைகளுக்கு ஒரு கூரை: கரிசல் வட்டார இயந்திர வாடகை மையங்களுக்குத் திறந்த மடல்

தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் வட்டாரத்தில் வேளாண் இயந்திர வாடகை மையங்களை நடத்திவரும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், உழவர் உற்பத்தியாளர் குழுக்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கும் வணக்கம்.

இன்னும் சில வாரங்களில் புரட்டாசி விதைப்பு தொடங்கிவிடும். மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியும் மண்ணுக்குள் போன பிறகு, உழவுக் கருவிகளுக்கு நம் வட்டாரத்தில் ஏறத்தாழ வேலையே இல்லை. ஐப்பசி முதல் பங்குனி வரை டிராக்டர் டிரெய்லர் இழுக்கும், கதிரடிக்கும். கலப்பைகளோ கழற்றிப் போட்ட இடத்திலேயே கிடக்கும். அந்த இடம் பெரும்பாலும் சங்கக் கட்டடத்தின் பின்புறமாகவோ, களத்துமேட்டின் ஓரமாகவோ, ஓட்டுநர் வீட்டு வாசலிலுள்ள வேப்பமரத்தடியாகவோ இருக்கிறது. நம் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது என்பதால், கலப்பை சும்மா கிடக்கும் மாதங்களும் வானம் அதை நனைக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அந்த மாதங்களில் பொதுக் கலப்பைகளை எங்கே, எப்படி, யாருடைய பொறுப்பில் வைக்கப்போகிறீர்கள் என்பதை விதைப்பு வேலை மும்முரமாவதற்கு முன்பே கூட்டம் கூட்டித் தீர்மானியுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நானும் இத்தகைய குழு ஒன்றின் உறுப்பினன். உழவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையோடு நெடுநாள் பழக்கமுள்ளவன்.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15ஆம் ஆண்டில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 100 உழவர்களைக் கொண்ட ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவுக்கும் பொதுவில் இயந்திரங்களும் கருவிகளும் வாங்க 5 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. சொந்தமாக டிராக்டர் வாங்க வழியில்லாத சிறு, குறு உழவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருவி வாங்குவதற்கு விலைப்புள்ளி கேட்கிறோம், தீர்மானம் எழுதுகிறோம், ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள், மாலை போட்டுப் புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். வாங்கிய கருவி மழையில் எங்கே நிற்கும் என்று மட்டும் எந்தக் கூட்டத்திலும் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தனியாருடைய கலப்பை துருப்பிடித்தால் அடுத்த கோடை உழவில் அவருடைய டீசல் செலவே அதைச் சொல்லிவிடும். குழுவின் கலப்பை துருப்பிடித்தால் அந்தச் செலவு நூறு பேர் மேல் சிதறி, ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

துரு எப்படி வருகிறது என்பதில் கரிசல் மண்ணுக்குத் தனிப் பங்கு உண்டு. செம்மண்ணைப் போல அது காய்ந்ததும் உதிர்ந்து விழாது. ஈரத்தில் அப்பினால் கொழுவின் பின்புறத்திலும், சட்டி எனப்படும் வட்டத் தகட்டின் நடுவிலுள்ள குடத்தைச் சுற்றியும் பசையாக ஒட்டி, காய்ந்தபின் கல்லாக இறுகி, அடுத்த மழையில் மீண்டும் நீரைக் குடித்து வாரக்கணக்கில் ஈரத்தை இரும்போடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். அந்த மண்ணில் உரத்தின் உப்பும் கலந்திருந்தால் அரிப்பு விரைவுபடும். கடற்கரையை ஒட்டிய வேம்பார், தருவைகுளம் பக்கமுள்ள குழுக்களுக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. உப்பளக் காற்று படும் இடத்தில் மழையே பெய்யாவிட்டாலும் இரவுப் பனியில் இரும்பு பூத்துவிடும். ஆகவே வயலை விட்டு வெளியேறுவதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு மரச் சிராயினால் வழித்து எடுத்துவிடுவதுதான் பராமரிப்பின் முதல் வேலை. காய்ந்த பிறகு கடப்பாரையால் தட்டி எடுக்கும் பழக்கம் கொழுவின் விளிம்பையும் போல்ட்டுத் தலைகளையும் கெடுக்கிறது.

இந்தச் சுத்தம் இரும்பின் நன்மைக்கு மட்டும் உரியதன்று. ஒரே கலப்பை ஒரு நாளில் பல பேருடைய நிலத்தில் இறங்குகிறது. கோரைக்கிழங்கும் அறுகின் தண்டுத் துண்டுகளும் கொக்கிகளில் சிக்கிக்கொண்டு ஒரு புஞ்சையிலிருந்து அடுத்த புஞ்சைக்குப் பயணம் செய்கின்றன. பார்த்தீனிய விதையும், மண்வழிப் பரவும் வாடல் நோய்ப் பூசணமும் அப்படியே போகின்றன. கோரை ஒரு முறை புகுந்த நிலத்தில் அதை ஒழிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதை நம் வட்டாரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுக்கும் உழவர், தன் வரப்பருகே கலப்பை வந்து நின்றதும், அது சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே நிலத்தில் இறக்கச் சொல்லும் உரிமையை உங்கள் வாடகை நிபந்தனையில் எழுத்தாகச் சேர்க்க வேண்டும்.

பருவம் முடிந்து கழற்றும் கலப்பையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வெயிலில் ஒரு நாள் உலரவிட்டு, மண்ணைத் தொடும் பகுதிகள் முழுவதிலும் கிரீஸ் பூச வேண்டும். இறக்கைக் கலப்பையின் வளைந்த தகடும், சட்டியின் உட்குழிவும், கொழுக்களின் முகமும் உழவின்போது மண் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். அந்த வழுவழுப்பினால்தான் மண் ஒட்டாமல் புரண்டு விழுகிறது. ஒரே மழைக்காலத் துரு அந்த முகத்தைச் சொரசொரப்பாக்கிவிட்டால், கோடையில் மண் புரளாமல் தகட்டிலேயே அப்பிக்கொள்ளும். ஓட்டுநர் அடிக்கடி நிறுத்திச் சுரண்டுவார், சக்கரம் வழுக்கும், டீசல் கூடுதலாக எரியும், அதற்குள் வாடகைக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். சிலர் நல்ல எண்ணத்தில் கலப்பை முழுவதற்கும் பெயிண்ட் அடித்து வைக்கிறார்கள். சட்டத்துக்கும் தண்டுக்கும் ரெட் ஆக்சைடு பூசி அதன் மேல் பெயிண்ட் அடிப்பது சரிதான். ஆனால் மண்ணைப் புரட்டும் முகத்தில் பெயிண்ட் அடித்தால் அது தேய்ந்து போகும் வரை மண் ஒட்டும். அங்கே கிரீஸ் மட்டுமே போதும்.

கிரீஸுக்குப் பதிலாக இஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் துணியில் நனைத்துத் தடவுவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். செலவில்லாத வழி என்பதால் அதை நிறுத்தச் சொன்னால் எவரும் கேட்பதில்லை. அந்த ஆயிலில் எரிந்த கரியும் உலோகத் துகளும் அமிலத் தன்மையும் உண்டு. நாள்பட வெறுங்கையால் தொடுவது தோலுக்குக் கேடு. மழையில் கழுவிப்போய்க் கிணற்றுக்கும் ஊருணிக்கும் சேரும். ஒரு கலப்பைக்கு ஒரு பருவத்துக்குத் தேவைப்படும் கிரீஸின் விலை ஒரு மணிநேர உழவு வாடகையை விடக் குறைவு. இதில் சிக்கனம் பார்ப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சட்டிக் கலப்பையில் கவனிக்க வேண்டிய முதல் இடம் குடத்துக்குள் இருக்கும் பேரிங்கு. ஒவ்வொரு சட்டியும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் பெரும் அழுத்தத்தை வாங்கிக்கொண்டே சுழல்வதால், வேலை நாளில் தினமும் கிரீஸ் கன் கொண்டு அடிக்க வேண்டும். கிடப்பில் போடும் முன்பு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும் வரை புதியது ஏற்றினால் உள்ளே போயிருக்கும் நீரும் மண்ணும் அதோடு வெளியேறிவிடும். கையால் சட்டியின் விளிம்பை ஆட்டிப் பார்த்து, ஆட்டம் தெரிந்தால் அப்போதே குறித்து வைத்துக்கொண்டால், பேரிங்கு மாற்ற ஐந்து மாத அவகாசம் இருக்கிறது. சித்திரையில் ஒரு மழை பெய்து எல்லோரும் ஒரே வாரத்தில் உழவுக்கு வந்து நிற்கும்போது உதிரிபாகக் கடையில் நிற்பது கொடுமை. அப்படி ஆட்டிப் பார்க்கும்போது கையுறை அணிவது அவசியம். தேய்ந்த சட்டியின் விளிம்பு கத்தியைப் போல வெட்டும், மண் பட்ட இரும்பு கீறினால் தாமதிக்காமல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் டெட்டனஸ் எனப்படும் இசிவு நோய்க் கிருமியின் வித்து மண்ணிலேயே வாழ்வது.

ஒன்பது கொக்கிகள் கொண்ட ஒன்பது கலப்பையில் வேறு வகை எச்சரிக்கை தேவை. கல்லிலோ வேரிலோ மோதும்போது கொக்கி பின்வாங்குவதற்காக வைத்திருக்கும் சுருள் வில்கள் எப்போதும் இறுக்கத்தில் இருப்பவை. அவற்றின் நட்டை அவசரமாகக் கழற்றினால் வில் தெறித்துவிடும். அதற்கு நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டில் நின்று, இறுக்கம் முழுவதும் தளரும் வரை மெதுவாகத் திருகியே கழற்ற வேண்டும். சீமைக் கருவேலத்தை அழித்து உழவுக்குக் கொண்டுவந்த நிலங்கள் நம் பகுதியில் ஏராளம். அங்கே அறுபட்ட வேர் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கிறது. சுக்கான் கல்லும் இருக்கிறது. இத்தகைய நிலத்தில் இறக்கைக் கலப்பையை இறக்கினால் அதன் வெட்டு போல்ட்டு, அதாவது மோதலில் தான் முறிந்து கலப்பையைக் காப்பதற்கென்றே வைத்த போல்ட்டு, அடிக்கடி முறியும். முறிகிறதே என்று எரிச்சலில் கடையில் கிடைக்கும் உறுதியான போல்ட்டு ஒன்றைப் போட்டு இறுக்கிவிடுவதுதான் பெருந்தவறு. அடுத்த மோதலில் போல்ட்டு தாங்கும், கலப்பையின் சட்டம் வளையும். தயாரிப்பாளர் சொன்ன தரத்திலுள்ள வெட்டு போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு டிராக்டரிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். வேர் மிகுந்த நிலத்துக்குச் சட்டிக் கலப்பையே ஏற்றது, அது தடையின் மேல் உருண்டு ஏறிவிடும் என்பதையும் வாடகைக்குக் கேட்பவரிடம் முன்பே சொல்லலாம்.

தேய்ந்த கொழுவைக் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்து மீண்டும் கூராக்குவது நல்ல வழக்கமே. கரிசலில் அந்தத் தொழிலை நம்பி இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் இயந்திரக் கலப்பையின் கொழு ஆலையில் சூடேற்றிப் பதம் கொடுக்கப்பட்டு வருவது. அதைக் காய்ச்சி அடித்துவிட்டு, மறுபடி பதம் ஏற்றாமல் அப்படியே ஆறவிட்டால், பார்வைக்குக் கூராக இருக்கும், சில ஏக்கரிலேயே மழுங்கிவிடும். பதம் அறிந்த கொல்லரிடம் மட்டும் கொடுங்கள். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இரண்டு முனையும் கூராக உள்ள கொழுவானால், ஒரு முனை தேய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும் என்பது தெரிந்தும் அதைச் செய்யாமல் தண்டு தேயும் வரை ஓட்டிய கருவிகளைப் பட்டறையில் அடிக்கடி பார்க்க நேர்கிறது. பொதுக் கருவிகளில்தான் இது அதிகம். மேலும், கலப்பையை டிராக்டரில் மாட்டியபடியே வெல்டிங் வைக்கும் அவசரத்தைத் தடை செய்யுங்கள். அந்த மின்னோட்டம் பேரிங்குகள் வழியாகவும் டிராக்டரின் மின் இணைப்புகள் வழியாகவும் பாய்ந்து கெடுதல் செய்யும்.

இனி உயிர் பற்றிய செய்திக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றிலும் அசட்டை நேர்ந்தால் பணம் போகும். இனிச் சொல்பவற்றில் அசட்டை நேர்ந்தால் ஆள் போய்விடுவார்.

டிராக்டரின் பின்புறம், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திய கலப்பைக்கு அடியில் எவரும் கையையோ காலையோ தலையையோ நீட்டக் கூடாது. இஞ்சினை நிறுத்திவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணம் நம் ஓட்டுநர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அது முற்றிலும் தவறு. கலப்பையைத் தூக்கத்தான் இஞ்சின் ஓட வேண்டும், கீழே இறக்க அதன் சொந்த எடையே போதும். இஞ்சின் நின்ற பிறகும் லிவரில் ஒரு கை பட்டால், அல்லது உள்ளே ஒரு சீல் பழுதாகி ஆயில் கசிந்தால், கலப்பை விழும். மூன்று சட்டிக் கலப்பை 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. மண்ணை இடமும் வலமும் மாற்றிப் புரட்டும் இரண்டு கொழு ஹைட்ராலிக் மாற்றுக் கலப்பைகளில் பல 400 கிலோவை ஒட்டியிருக்கும். கொழு மாற்றும்போது கலப்பையைத் தூக்கி வைத்து அடியில் உட்கார்ந்து வேலை செய்யும் காட்சியை எந்த ஊரிலும் காணலாம். அவ்வேலை கட்டாயம் தேவைப்பட்டால், கலப்பையின் சட்டத்துக்கு அடியில் இருபுறமும் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, கலப்பையை அவற்றின் மேல் முழுமையாக இறக்கி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பின்னரே தொட வேண்டும். இதற்கு ஹாலோ பிளாக் கற்களையோ செங்கல்லையோ பயன்படுத்தக் கூடாது. எடை ஒரு முனையில் குவிந்தால் அவை எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். நம் ஊரில் பனங்கட்டைக்குப் பஞ்சமா?

நிறுத்தி வைத்திருக்கும் டிராக்டரிலும் இதே விதி. கடைத்தெருவிலோ வீட்டு வாசலிலோ, கலப்பையைத் தூக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது வழக்கமாகிவிட்டது. சிறுவர்கள் ஏறி லிவரைத் தள்ளிப் பார்ப்பார்கள், கலப்பையின் மேல் ஏறி விளையாடுவார்கள். எங்கே நின்றாலும் கலப்பை தரையில் இறங்கியிருக்க வேண்டும் என்பதை ஓட்டுநருக்கு எழுத்தில் கொடுத்து, மீறினால் வேலை இல்லை என்று சொல்லிவிடுவதே நல்லது.

மாட்டும்போதும் கழற்றும்போதும் நேரும் விபத்துகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஓட்டுநர் டிராக்டரைப் பின்னால் நகர்த்துகிறார். உதவியாள் டிராக்டருக்கும் கலப்பைக்கும் இடையில் நின்று, கலப்பையை மாட்டும் கீழ்க்கையைப் பிடித்து நேராக்குகிறார். கிளட்ச்சிலிருந்து கால் நழுவுகிறது. டிராக்டர் முழுவதும் நின்று, நியூட்ரலுக்கு வந்து, கைப்பிரேக் போட்ட பிறகே ஆள் உள்ளே போக வேண்டும். முதலில் இடது கீழ்க்கை, அடுத்து உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற வலது கீழ்க்கை, கடைசியில் மேலே நடுவிலுள்ள டாப் லிங்க் என்று மாட்ட வேண்டும். கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் இணைப்பு ஊசி துளைக்கு நேராக வராது, கடப்பாரை போட்டு நெம்ப வேண்டி வரும், விரல் நசுங்குவது அப்போதுதான்.

அந்த ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் பல குழுக்களின் டிராக்டரும் கலப்பையும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மானியத்தில் வாங்கப்பட்டவை. முதல் வகை இணைப்பில் கீழ்க்கை ஊசி 22 மில்லிமீட்டரும் டாப் லிங்க் ஊசி 19 மில்லிமீட்டரும் இருக்கும். இரண்டாம் வகையில் அவை 28, 25. சிறிய ஊசியுள்ள கலப்பையைப் பெரிய துளையுள்ள டிராக்டரில் மாட்டும்போது இடைவெளியை நிரப்ப உரிய புஷ் போட வேண்டும். போடாமல் ஓட்டினால் கலப்பை ஆடி ஆடி ஊசி வளையும், துளை அகலும். ஊசி கழன்று விழாமல் காக்கும் கொண்டி தொலைந்துபோனால் அதற்குப் பதிலாக ஆணியையும் கட்டுக்கம்பியையும் போடுவது எங்கும் நடக்கிறது. சாலையில் வேகமாகப் போகும்போது டாப் லிங்க் ஊசி கழன்றால் கலப்பை பின்னால் கவிழும். பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு விலகக் கூட நேரமிருக்காது. சில ரூபாய் விலையுள்ள கொண்டிகளை டஜன் கணக்கில் வாங்கி வையுங்கள்.

ஹைட்ராலிக் குழாய் உள்ள மாற்றுக் கலப்பைகள் அண்மைக் காலத்தில் நம் பக்கம் கூடியிருக்கின்றன. அந்தக் குழாய்க்குள் வேலை நேரத்தில் 150 முதல் 200 பார் வரை அழுத்தம் இருக்கும். லாரி டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் பீறிடும் ஆயில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் கொசுக்கடி போலத் தோன்றும். வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கிச் சதை அழுகத் தொடங்கும். கசிவு இருக்கிறதா என்று ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், ஒருபோதும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அப்படிக் குத்தினால் மருந்து தடவிக் காத்திராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே கொண்டுபோய், அழுத்தத்தில் ஆயில் ஏறியிருக்கிறது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழாயைக் கழற்றும் முன் இஞ்சினை நிறுத்தி லிவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை விடுவிப்பதும், கழற்றிய முனைகளுக்கு மூடி போடுவதும், கிடப்பில் வைக்கும்போது சிலிண்டரின் தண்டு உள்ளே போயிருக்கும்படி வைப்பதும் இந்த வகைக் கலப்பைக்கே உரிய கூடுதல் வேலைகள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு துருப்பிடித்தால் அடுத்த பருவத்தில் முதல் நாளே சீல் கிழியும்.

கலப்பை ஆழமாக இறங்கவில்லை என்று அதன் மேல் ஆளை ஏற்றி உட்கார வைப்பதையும், மட்கார்டில் இருவர் தொற்றிக்கொண்டு போவதையும் குறித்து நான் நீட்டி எழுதப்போவதில்லை. இவை தவறென்பது எல்லோருக்கும் தெரியும். கொழு மழுங்கியிருப்பதாலும் டாப் லிங்க் நீளம் சரியாக இல்லாததாலும்தான் கலப்பை இறங்குவதில்லை; அதைச் சரிசெய்யாமல் மனிதனை எடைக்கல்லாக்குவது வெட்கக்கேடு.

கொட்டகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நான்கு தூண், மேலே தகரம், வடகிழக்குச் சாரல் அடிக்கும் பக்கம் மறைப்பு, தண்ணீர் தேங்காத மேடான சரளைத் தரை. ஒரு குழுவிடம் உள்ள கலப்பைகளுக்கு இது போதும். வெறும் தார்ப்பாயைச் சுற்றி இறுகக் கட்டுவது கூரைக்கு ஈடாகாது. அடியிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே தங்கிக் கலப்பையை வியர்க்க வைக்கும். கலப்பையை மண்ணில் நேரடியாக வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். அது தன் தாங்குகாலில் நிலையாக நிற்கிறதா, ஒரு குழந்தை பிடித்து ஆட்டினாலும் சாயாதா என்று தள்ளிப் பார்த்த பிறகே விட்டுவர வேண்டும். மாற்றுக் கலப்பையின் எடை மேலே குவிந்திருப்பதால் அது எளிதில் கவிழும். அதன் பூட்டு ஊசியைப் போட்டு, இருபுறமும் ஆப்பு வையுங்கள். கொழுமுனைகள் நடைவழியை நோக்கியிராமல் சுவரைப் பார்த்திருக்கட்டும். கொட்டகைக்குள் கோழிக்கூண்டும் ஆட்டுக்குட்டியும் வந்துவிடாமல் பார்ப்பது தனி வேலை, அது எந்த விதியாலும் முடியாது. பங்குனியில் மீண்டும் எடுக்கும்போது, கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். ஐந்து மாதம் அசையாமல் கிடந்த இரும்புக்கடியில் தேளும் பாம்பும் குடியிருக்கும்.

இவை எல்லாவற்றையும் யார் செய்வது என்பதில்தான் உங்கள் பங்கு இருக்கிறது. ஓட்டுநருக்குக் கிடைப்பது உழவு நாளின் கூலி மட்டுமே. கழுவுவதற்கும் கிரீஸ் அடிப்பதற்கும் கூலி இல்லாதபோது அதை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒவ்வொரு மணிநேர வாடகையிலிருந்தும் ஒரு சிறு பகுதியைப் பராமரிப்புக் கணக்கென்று தனியே ஒதுக்கி, அதிலிருந்து ஒருவருக்குக் காப்பாளர் ஊதியம் கொடுங்கள். அவர் உறுப்பினர் குடும்பத்து இளைஞராகவோ, ஓட்டுநராகவோ, கருவி பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்ணாகவோ இருக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரை அழைத்து, விதைப்பு முடிந்த கையோடு அந்தக் காப்பாளருக்கும் ஓட்டுநர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் பயிற்சி கேளுங்கள். குழுவுக்காக டிராக்டர் ஓட்டும், உதவிக்கு நிற்கும் ஒவ்வொருவரையும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்து, ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தைச் சங்கமே கட்டட்டும். விபத்தில் உயிரிழந்தால் 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும் அத்திட்டத்தில் சேர வங்கிக் கணக்கு ஒன்று போதும்.

செலவு கூடுகிறது, வாடகையை ஏற்றினால் உறுப்பினர்கள் எதிர்ப்பார்கள் என்ற பதில் வரும் என்று எனக்குத் தெரியும். உறுப்பினர் கூட்டத்தில் கடந்த கோடையின் பட்டறைச் சீட்டுகளையும் டீசல் சீட்டுகளையும் படித்துக் காட்டுங்கள். பிறகு எதிர்ப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம்.

அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றுவதற்காகத் தீர்மான வாசகம் ஒன்றை எழுதித் தருகிறேன். உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். "குழுவுக்குச் சொந்தமான உழவுக் கருவிகள் அனைத்தும் விதைப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் கழுவி, கிரீஸ் பூசி, கூரைக்கடியில் வைக்கப்படும்; அவற்றைப் பொறுப்பேற்பவரின் பெயர், ஒப்படைத்த நாள், அன்றைய நிலை, மாற்ற வேண்டிய உதிரிபாகங்கள் ஆகியவை பதிவேட்டில் எழுதி இருவர் கையெழுத்திடப்படும்; தை மாதக் கூட்டத்தில் அப்பதிவேடு உறுப்பினர் முன்னிலையில் வாசிக்கப்பட்டு, தேவையான உதிரிபாகங்களுக்கு அன்றே பணம் ஒதுக்கப்படும்." பதிவேட்டுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதுமானது.

இப்படிக்கு,
கரிசல் வட்டார உழவர் உற்பத்தியாளர் குழு உறுப்பினர் ஒருவர்